"வருஷா வருஷம் செக்கப் ஃப்ரீ" என்று பாலிசி விற்கிறார்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். புகார் இன்னும் முடியாததால் கம்பெனி பெயரைப் போடவில்லை.

பாலிசி விற்க வந்த ஏஜென்ட், "ஆஸ்பத்திரியில படுத்தாத்தான் பணம்னு நினைக்காதீங்க சார், வருஷா வருஷம் வீட்ல எல்லாருக்கும் ரத்த டெஸ்ட் ஃப்ரீ" என்றார். பாலிசித் தாளிலும் உடல்நலப் பரிசோதனைக்கு ஒருவருக்கு இவ்வளவு என்று தொகை போட்டிருந்தது. சரி, அம்மா, மனைவி, நான் மூவரும் பார்த்துக்கொள்ளலாம் என்று கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன்.

வேலூரில் அவர்கள் பட்டியலில் இருந்தது ஒரே ஒரு லேப், சத்துவாச்சாரியில். போய்ப் பார்த்தால் அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். "லேபா? அது காலி பண்ணிட்டுப் போயி ரொம்ப நாளாச்சுண்ணா" என்றான் கடைப் பையன். திரும்பப் போன் செய்தால், "அப்போ சென்னையில எடுத்துக்குங்க சார்" என்று பதில். முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டதோடு சரி, காலையில் ஒரு வாய் காபிகூட இல்லாமல் அம்மாவை ரயிலேற்றி 130 கிலோமீட்டர் கூட்டிப்போய் ரத்தம் கொடுக்க வேண்டுமாம். வைத்தியத்துக்காக நாடெங்கிலுமிருந்து ஜனங்கள் வந்து இறங்குகிற ஊரிலிருந்து! கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு, "பக்கத்து லேப்ல எடுத்து பில் அனுப்புங்க, பணம் வந்துடும்" என்றார்கள். அதையே மெயிலிலும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொழுப்பு, கிரியாட்டினின், தைராய்டு என்று வழக்கமான பரிசோதனைகள்தான். பில், ரிப்போர்ட் எல்லாம் அனுப்பினேன். க்ளைம் நிராகரிப்பு என்று கடிதம் வந்தது. காரணம், ‘விலக்கு 04’.

இந்த நம்பரைப் பார்த்தே பாதிப்பேர் விட்டுவிடுவார்கள். அது எல்லாக் கம்பெனி பாலிசியிலும் இருக்கும் பொதுவான விலக்கு. பரிசோதனை செய்வதற்காக மட்டுமே ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால் அந்தச் செலவைத் தரமாட்டோம் என்பதுதான் அதன் முக்கியமான அர்த்தம். நாங்கள் எங்கே அட்மிட் ஆனோம்? நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டு வந்தோம். செக்கப் பலன் அதே பாலிசியில் தனிப் பிரிவாக இருக்கிறது. இதை எழுதிக் கேட்டதும் காரணம் மாறியது: நாங்கள் போனது நெட்வொர்க் லேப், அதாவது அவர்கள் பட்டியலில் உள்ள லேப், இல்லையாம். அவர்கள் அனுப்பிய மெயிலை அவர்களுக்கே திருப்பி அனுப்பினேன். பதிலாக வந்தது பழைய கடிதமே, தேதி மட்டும் புதுசு.

உங்களுக்கும் இப்படி நடந்தால் கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனியிலும் குறைதீர்ப்பு அதிகாரி இருக்கிறார், மெயில் முகவரி பாலிசித் தாளிலேயே இருக்கும். முதலில் அவருக்கு எழுதுங்கள். அங்கே சரியாகவில்லை என்றால் காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஐஆர்டிஏஐ நடத்தும் ‘பீமா பரோசா’ தளத்தில் புகார் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். நான் அங்கே பதிந்த பிறகுதான் அம்மாவுடைய பணம் வந்தது. எங்கள் இருவருக்கும் மட்டும் அதே நெட்வொர்க் பல்லவி. ஒரே பாலிசி, ஒரே லேப், ஒரே நாள். அம்மாவுக்குப் பொருந்தாத விதி எங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அடுத்தது சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்புட்ஸ்மேன். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் மறுத்திருக்க வேண்டும், இல்லை ஒரு மாதம் பதிலே சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். மறுத்த பிறகு ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் இங்கே எடுக்கமாட்டார்கள், அதனால் எது முதலில் என்று யோசித்து இறங்குங்கள். நான் ஆம்புட்ஸ்மேனுக்கு அனுப்பிவிட்டேன்.

புதிதாக பாலிசி எடுப்பவர்கள் ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்வதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வேலூரில் இப்போது திறந்திருக்கும் லேப் எது என்றும் கேளுங்கள். தாள் கைக்கு வந்ததும் செக்கப் பிரிவைப் படித்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

அப்புறம், மறுத்துவிட்டார்கள் என்று லேப் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர்கள் மருத்துவக் காப்பீட்டுக்கான கழிவில் (1961 சட்டத்தில் 80டி பிரிவு), அதன் மொத்த வரம்புக்குள், உடல்நலப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் பரவாயில்லை.