தாலமிகளா, செலியூக்கியரா: ஆறு சிரியப் போர்களில் உண்மையான வல்லரசு எது?

அலெக்சாந்தர் கி.மு. 323இல் பாபிலோனில் இறந்ததும் அவருடைய தளபதிகள் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டது பலருக்கும் தெரிந்த கதை. அதற்கு அடுத்த நூற்றாண்டைப் பற்றித்தான் பேச ஆள் குறைவு. எகிப்தை ஆண்ட தாலமி வம்சமும், சிரியாவிலிருந்து நடு ஆசியா வரை ஆண்ட செலியூக்கிய வம்சமும் கி.மு. 274 தொடங்கி 168 வரை ஆறு முறை மோதிக்கொண்டன. இரண்டில் எது வலியது என்று கேட்டால் பெரும்பாலோர் எகிப்தின் பக்கம் சாய்வார்கள். அலெக்சாந்திரியா நூலகம், ஃபாரோஸ் கலங்கரை விளக்கம், கிளியோபாட்ரா என்று சொல்லிக்கொள்ள அந்தப் பக்கம் நிறைய இருக்கிறது, வம்சமும் கி.மு. 30 வரை தாக்குப்பிடித்தது. நான் செலியூக்கியர் கட்சி. தாலமிகளுக்குச் சேர வேண்டிய பெருமையில் ஒன்றையும் குறைக்காமலே என் காரணங்களைச் சொல்லிப் பார்க்கிறேன்.

சண்டையின் வேர் ஒரு பழைய நன்றிக்கடனில் இருக்கிறது. அலெக்சாந்தரின் தளபதிகளில் ஒருவரான அந்திகோனஸுக்குப் பயந்து பாபிலோனை விட்டு ஓடிவந்த இன்னொரு தளபதி செலியூக்கஸுக்கு அடைக்கலம் கொடுத்தவர் எகிப்தின் முதலாம் தாலமி. கி.மு. 312இல் காசாவில் இருவரும் சேர்ந்து அந்திகோனஸின் மகன் டிமிட்ரியஸைத் தோற்கடித்தார்கள். அதன்பின் தாலமி கொடுத்த ஆயிரம் பேர் அளவிலான சிறு படையோடுதான் செலியூக்கஸ் பாபிலோன் திரும்பித் தன் அரசை நிறுவினார். கி.மு. 301இல் இப்சஸ் போரில் அந்திகோனஸ் மாண்டபோது தாலமி அந்தக் களத்துக்கே வரவில்லை. ஆனால் மற்றவர்கள் போரிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இன்றைய லெபனான், இஸ்ரேல், பாலஸ்தீனம் அடங்கிய கொய்லே சிரியாவைத் தன் படையால் பிடித்துக்கொண்டார். வென்றவர்கள் அந்தப் பகுதியைச் செலியூக்கஸுக்கு ஒதுக்கினார்கள். தாலமி கொடுக்கவில்லை. பழைய நட்பை எண்ணிச் செலியூக்கஸ் அப்போதைக்கு விட்டுவிட்டார், உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. பேரன்களும் கொள்ளுப்பேரன்களும் இதற்காகவே செத்தார்கள்.

அந்தத் துண்டு நிலம் இருவருக்கும் ஏன் அவ்வளவு முக்கியம்? எகிப்தில் தானியம் கொட்டிக் கிடந்தது, கப்பல் கட்ட மரம் கிடையாது. லெபனான் மலையின் தேவதாரு இல்லாமல் தாலமியின் கடற்படை இல்லை. தீர், சீதோன் துறைமுகங்களும், அரேபியாவிலிருந்து சாம்பிராணி வந்து சேரும் காசாவும் அதே கரையில்தான் இருந்தன. செலியூக்கியருக்கோ மத்தியதரைக் கடலே அந்தப் பக்கத்தில்தான். போதாததற்கு, மூன்றாம் சிரியப் போர் தொடங்கிய கி.மு. 246 முதல் 219 வரை, தலைநகர் அந்தியோக்கியாவின் துறைமுகமான செலியூக்கியா பியேரியாவிலேயே எகிப்தியக் காவல்படை உட்கார்ந்திருந்தது. தன் தலைநகரின் கடல்வாசலில் எதிரியை வைத்துக்கொண்டு 27 ஆண்டுகள் ஒரு பேரரசு நடந்திருக்கிறது.

எகிப்தின் பலம்

எகிப்துக்குள் நுழைவது மிகக் கடினம். ஒரு பக்கம் சினாய்ப் பாலைவனம், அதன் முடிவில் பெலூசியம் கோட்டை, தாண்டினால் நைல் நதியின் கிளைகள். அலெக்சாந்தருக்குப் பின் ஆட்சிப் பொறுப்பேற்ற பெர்டிக்காஸ் படையோடு வந்து மெம்ஃபிஸ் அருகே நைலைக் கடக்க முயன்றார். 2,000 பேருக்கு மேல் ஆற்றில் போனார்கள், பலர் முதலைகளுக்கு இரையானார்கள். வெறுத்துப்போன அவருடைய அதிகாரிகளே கூடாரத்தில் அவரைக் கொன்றார்கள். கொன்றவர்களில் ஒருவர் செலியூக்கஸ். கி.மு. 306இல் அந்திகோனஸும் முயன்று பார்த்துத் திரும்பிப் போனார்.

உள்ளே நிர்வாகம் இரும்புப் பிடி. கி.மு. 259ஆம் ஆண்டின் ஒரு பாப்பிரஸ் ஆவணம் எண்ணெய் வணிகம் எப்படி நடந்தது என்று காட்டுகிறது. எந்த வட்டாரத்தில் எத்தனை நிலத்தில் எள்ளும் ஆமணக்கும் விதைக்க வேண்டும் என்பதை அரசு தீர்மானித்தது. விளைந்ததை அரசு சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். பருவம் முடிந்தால் செக்குச் சாமான்களுக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். நாணயத்திலும் அதே கறார். வெளியுலகில் ஏதென்ஸ் அளவுப்படி ஏறக்குறைய 17 கிராம் எடையுள்ள அட்டிக் வெள்ளி நாணயம் ஓடியபோது எகிப்தில் 14 கிராம் நாணயம். வெளிநாட்டு வணிகர் தம் காசை மாற்றித்தான் பொருள் வாங்க முடியும். எடை வித்தியாசத்தில் வரும் லாபம் அரசுக்கு. இந்த வருமானத்தில்தான் நூலகமும் கடற்படையும் கூலிப்படையும் நின்றன. இவ்வளவு நெருக்கமாகக் கணக்குப் பார்த்த அரசு அந்தக் காலத்து மத்தியதரைக் கரையில் வேறு இல்லை.

செலியூக்கியரின் பலம்

இங்கே எல்லாம் தலைகீழ். இயற்கை அரண் என்று எதுவும் கிடையாது. ஏஜியன் கடற்கரையில் கிரேக்க நகரங்கள், பாபிலோனில் பழைய கோயில்கள், ஈரானில் குதிரை வளர்க்கும் பிரபுக்கள், கிழக்குக் கோடியில் பாக்ட்ரியா. எகிப்தில்போல ஒரே கணக்குப் புத்தகத்தில் இதை அடக்க முடியாது. ஆகவே நகரத்துக்கு நகரம் பேசினார்கள், கோயிலுக்குக் கோயில் ஒத்துப்போனார்கள். கி.மு. 268இல் செலியூக்கஸின் மகன் முதலாம் அந்தியோக்கஸ், பாபிலோனுக்கு அருகே போர்சிப்பாவின் எசிதா கோயிலுக்கு அடித்தளம் இட்டபோது ஆப்பெழுத்தில், அக்காடிய மொழியில், பழைய பாபிலோனிய மன்னன் பாணியில் தன்னை அறிவித்துக்கொண்டார்.

தூரத்தைப் புரிந்துகொள்ள ஒரு குறிப்பு போதும். பாபிலோனிய வானியல் நாட்குறிப்புகளில், முதல் சிரியப் போர் நடந்த ஆண்டில், பாக்ட்ரியாவின் ஆளுநர் மன்னருக்கு அனுப்பிய 20 யானைகள் பாபிலோன் வழியாக மேற்கே கொண்டுபோகப்பட்ட செய்தி இருக்கிறது. கோள்களின் நிலையையும் சந்தையில் பார்லி விலையையும் குறித்துவந்த பூசாரி அதே பலகையில் இதையும் எழுதிவைத்தார். ஆப்கானிஸ்தானிலிருந்து சிரியா வரை யானையை நடத்திக் கொண்டுவர முடிந்த அரசை வெறும் தளர்ந்த கூட்டமைப்பு என்று ஒதுக்குவது நியாயமில்லை.

யானை என்றாலே இந்தியத் தொடர்பு வந்துவிடுகிறது. கி.மு. 303 வாக்கில் சந்திரகுப்த மௌரியர் எல்லை உடன்படிக்கையில் கொடுத்த 500 யானைகள்தான் இப்சஸில் செலியூக்கஸுக்கு வெற்றி தேடித் தந்தவை. அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டு இந்த இரு வம்சத்து மன்னர்களையும் அந்தியோகன், துரமாயன் என்று பெயர் சொல்கிறது. தெற்கே சோழரையும் பாண்டியரையும் அதே பட்டியலில் சேர்க்கிறது. இந்திய யானைகள் வரும் வழி செலியூக்கியர் நிலத்தால் அடைபட்டதால் தாலமிகள் செங்கடல் கரையில் புதிய துறைமுகங்கள் கட்டி, ஆப்பிரிக்க யானைகளைப் பிடித்துத் தனிக் கப்பல்களில் ஏற்றி வந்தார்கள். அந்தத் துறைமுகங்களில் ஒன்றான பெரனிகேயில்தான் பிற்காலத்தில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்தது.

ரஃபியா: நேருக்கு நேர்

இரு தரப்பின் முழுப் பலமும் ஒரே களத்தில் நின்றது கி.மு. 217 ஜூன் 22 அன்று, இன்றைய ரஃபா அருகே. கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் தரும் கணக்குப்படி நான்காம் தாலமியிடம் 70,000 காலாட்படை, 5,000 குதிரை, 73 யானை. மூன்றாம் அந்தியோக்கஸிடம் 62,000 காலாட்படை, 6,000 குதிரை, 102 யானை. இரு மன்னர்களும் முப்பது வயதைத் தொடாதவர்கள்.

போருக்கு முன் பாசறைகள் ஒரு கிலோமீட்டர் இடைவெளிதான். தியோடோட்டஸ் என்ற எய்த்தோலியர் (கிரேக்கத்தின் எய்த்தோலியாவைச் சேர்ந்தவர்) முன்பு தாலமியிடம் கொய்லே சிரியாவின் ஆளுநராக இருந்து, அரண்மனையோடு மனக்கசப்பு ஏற்பட்டு அந்தியோக்கஸிடம் கட்சி மாறியவர். ஒருநாள் விடியும் முன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு எகிப்தியப் பாசறைக்குள்ளேயே நுழைந்துவிட்டார். இருட்டில் முகம் தெரியவில்லை. பல தேசத்து வீரர்கள் இருந்த முகாமில் உடையும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. மன்னர் கொலுவிருக்கும் கூடாரத்தை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்ததால் நேராக அங்கே போனார். ஆனால் தாலமி தூங்குவது அங்கே இல்லை. உள்ளே இருந்த இருவரைக் காயப்படுத்தி, மன்னரின் மருத்துவர் ஆண்ட்ரியாஸைக் கொன்றுவிட்டு, கடைசியில் கொஞ்சம் தடுமாறினாலும் உயிரோடு திரும்பிவிட்டார். தாலமி அந்தக் கூடாரத்தில் படுத்திருந்தால் நான்காம் சிரியப் போர் அங்கேயே முடிந்திருக்கும்.

களத்தில் முதலில் மோதியவை யானைகள். தந்தத்தோடு தந்தம் பிணைத்து ஒன்றையொன்று தள்ளின. மேலே அம்பாரிக் கோபுரங்களிலிருந்து வீரர்கள் நீண்ட ஈட்டியால் குத்திக்கொண்டார்கள். ஆப்பிரிக்க யானைகளில் பெரும்பாலானவை இந்திய யானைகளின் வாசனையும் பிளிறலும் தாங்காமல் பின்வாங்கித் தம் வரிசையையே கலைத்தன. அந்தியோக்கஸ் தன் வலப்பக்கத்துக் குதிரைப்படையோடு பாய்ந்து எதிரியின் இடப்பக்கத்தை உடைத்தார். அத்தோடு திரும்பியிருக்க வேண்டும். வென்றுவிட்டோம் என்று நினைத்து வெகுதூரம் துரத்திக்கொண்டு போய்விட்டார். அந்த நேரத்தில் தாலமி தன் நடு அணியின் முன்னால் வந்து நின்றார். மன்னரைக் கண்டதும் ஈட்டி வரிசை முன்னேறியது. தலைவன் இல்லாத செலியூக்கிய நடு அணி சிதறியது. அந்தியோக்கஸ் தரப்பில் ஏறக்குறைய 10,000 காலாட்கள் மாண்டார்கள், 4,000 பேருக்கு மேல் சிறைப்பட்டார்கள். தாலமி இழந்தது 1,500 காலாள், 700 குதிரை வீரர்.

தெளிவான எகிப்திய வெற்றி. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளைப் பாருங்கள்.

அந்த ஈட்டி வரிசையில் நின்றவர்களில் 20,000 பேர் எகிப்திய மண்ணின் மக்கள். கூலிப்படையும் கிரேக்கக் குடியேறிகளும் போதாததால் அமைச்சர் சோசிபியஸ் அவர்களைக் கிரேக்கப் பாணியில் பழக்கியிருந்தார். தங்கள் கைப்பலத்தில்தான் அரசு பிழைத்தது என்று தெரிந்த பிறகு அவர்கள் பழையபடி அடங்கியிருக்கவில்லை என்கிறார் பாலிபியஸ். என் கணிப்பில் அது பாதிக் காரணம்தான். வரிச்சுமையும் வெள்ளித் தட்டுப்பாடும் மீதி. கி.மு. 206 வாக்கில் தெற்கு எகிப்து பிரிந்தது. ஹரோன்னோஃப்ரிஸ், அவருக்குப் பின் கவோன்னோஃப்ரிஸ் என்று சொந்த பாரோக்களை அமர்த்தி 186 வரை தனித்து நின்றது. கி.மு. 237இல் தொடங்கிய எட்ஃபு கோயில் வேலையே கலகத்தால் நின்றுபோனதை அந்தக் கோயிலின் சுவர்க் கல்வெட்டே சொல்கிறது. எந்தக் கறாரான கணக்கு எகிப்தின் பலமோ, அதே கணக்குத்தான் குடியானவனைக் கலகத்துக்குத் தள்ளியது.

தோற்ற அந்தியோக்கஸ் என்ன செய்தார்? சிற்றாசியாவில் தனி அரசனாகிவிட்ட உறவினன் அக்கேயஸை சார்டிஸில் முற்றுகையிட்டு கி.மு. 213இல் பிடித்தார். 212 முதல் 205 வரை அர்மீனியா, பார்த்தியா, பாக்ட்ரியா என்று சுற்றி, கைவிட்டுப்போன கிழக்கைப் பணியவைத்து, 150 யானைகளோடு திரும்பினார். கி.மு. 200இல் யோர்தான் ஆற்றின் ஊற்றருகே பானியத்தில் எகிப்தின் தளபதி ஸ்கோப்பாஸை நொறுக்கினார். கொய்லே சிரியா அன்று போனது போனதுதான். தாலமிகளிடம் அது நிலையாகத் திரும்பவே இல்லை. ரஃபியாவில் தோற்றவனுக்கு அதை ஈடுகட்ட 17 ஆண்டுகள் பிடித்தன. பானியத்தில் தோற்றவர்கள் ஈடுகட்டவே இல்லை. என் தராசு சாய்வது இங்கேதான்.

ரோம் நுழைந்த பிறகு

சிற்றாசியாவின் மக்னீசியாவில் மூன்றாம் அந்தியோக்கஸ் ரோமிடம் தோற்ற பிறகு கி.மு. 188இன் அப்பாமியா உடன்படிக்கை செலியூக்கியரைப் பிழிந்தது. சிற்றாசியாவின் பெரும்பகுதி போயிற்று. போர் ஈடாக மொத்தம் 15,000 தாலந்து வெள்ளி. யானை வைத்திருக்கக் கூடாது. அப்படியும் இருபதே ஆண்டில், ஆறாம் சிரியப் போரில், நான்காம் அந்தியோக்கஸ் பெலூசியத்தையும் மெம்ஃபிஸையும் பிடித்து அலெக்சாந்திரியாவின் வாசலுக்கே வந்துவிட்டார். பெர்டிக்காஸாலும் அந்திகோனஸாலும் முடியாதது அது. கி.மு. 168இல் எலியூசிஸில் ரோமத் தூதர் போப்பிலியஸ் லாய்னஸ் அவரைச் சுற்றி மணலில் வட்டம் போட்டு, வெளியே கால் வைக்கும் முன் பதில் சொல் என்றார். அவர் படையைத் திருப்பினார். எகிப்தை அன்று காப்பாற்றியது எகிப்து அல்ல.

யானை விஷயத்திலும் அவர்கள் அடங்கவில்லை. கி.மு. 162இல் ரோமத் தூதர் ஆக்டேவியஸ் வந்து, தடையை மீறி வளர்த்திருந்த யானைகளின் கால் நரம்புகளை வெட்டவும் கப்பல்களைக் கொளுத்தவும் வேண்டியிருந்தது. அதைப் பொறுக்காத லெப்டினஸ் என்பவர் லாவோதிக்கேயாவில் அவரைக் குத்திக் கொன்றார். கி.மு. 141இல் பாபிலோன் பார்த்தியர் கைக்குப் போன பிறகும் ஏழாம் அந்தியோக்கஸ் அதை மீட்டு மேதியா வரை போனார். 129இல் அங்கேயே போரில் விழுந்தார். செலியூக்கியர் மீண்டெழுந்தது அதுதான் கடைசி. வாரிசுச் சண்டையில் அதன்பின் அவர்கள் தாங்களே தங்களைத் தின்றார்கள், அதை மறைக்க முடியாது. கி.மு. 64இல் ரோமத் தளபதி பாம்பே வந்து கதையை முடித்தார்.

எகிப்து அதற்குப் பின்னும் 34 ஆண்டுகள் நின்றதே என்பதுதான் எதிர்க்கட்சியின் பெரிய வாதம். அந்த ஆண்டுகள் எப்படி வந்தன? கி.மு. 59இல் பன்னிரண்டாம் தாலமி, தன்னை மன்னராக ரோம் ஏற்றுக்கொள்ளச் செய்வதற்காக சீசருக்கும் பாம்பேக்கும் ஏறக்குறைய 6,000 தாலந்து கொடுக்க ஒப்புக்கொண்டார். செலியூக்கியர் ரோமுக்குப் பணம் கட்டியது களத்தில் எதிர்த்து நின்றதற்கு; இவர் கொடுத்தது தன் சொந்த அரியணையில் உட்காருவதற்கு. கையில் பணமில்லாமல் ரோமில் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ராபிரியஸ் போஸ்துமஸ். கி.மு. 55இல் அந்த ரோமக் கடன்காரரே அலெக்சாந்திரியாவுக்கு வந்து, எண்ணெய்ச் செக்குக்கு முத்திரை வைத்த அதே நிர்வாகத்தின் நிதியமைச்சராகப் பதவியேற்று வரி வசூலித்தார்.