பெட்ரூம் கர்ட்டன் வீட்டுலயே தைக்கிறீங்களா? கம்பி பை, ரிங், மடிப்பு டேப், எது வைக்கலாம்

கர்ட்டன் தைக்கணும்னு துணி எடுத்த உடனே எல்லாரும் என்ன லேஸ் வைக்கலாம், குஞ்சம் தொங்கவிடலாமான்னு யோசிக்க ஆரம்பிச்சிடுறாங்க, ஆனா அதுக்கு முன்னாடி மேல் பக்கம் எப்படி தொங்கப் போகுதுன்னு முடிவு பண்ணியே ஆகணும், ஏன்னா எவ்ளோ துணி வேணும், வெளிச்சம் எவ்ளோ உள்ள வரும், லேஸ் எந்தப் பக்கம் எடுப்பா தெரியும் எல்லாமே அதை வச்சுதான்.

முதல்ல கம்பி பை. மேல ஒரு குழாய் மாதிரி மடிச்சு தைச்சு கம்பியை நேரா உள்ள விடுறது. தைக்க இதைவிட ஈஸி எதுவும் இல்ல, கம்பியை ஒட்டி துணி இருக்கிறதால மேல இடைவெளி விழாது, காலைல வெயில் கண்ணுல அடிக்காது. ஒரு இன்ச் கம்பின்னு ஒரு இன்ச் பை தைச்சுடாதீங்க, உள்ள போகவே போகாது, ரெண்டு இன்ச்சுக்கு மேல கொஞ்சம் விடணும். கம்பி முனைல ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரை சுத்திட்டு நுழைச்சா தையல்ல மாட்டாம வழுக்கிட்டுப் போகும். குறைன்னா தினமும் இழுத்து தள்ளுறதுதான், சுருக்கெல்லாம் கம்பியைக் கவ்விப் பிடிச்சுக்கும், பாதி வழில நிக்கும், கோபத்துல இழுத்தா மேல் தையல் விட்டுடும். அதிகம் திறக்காத ஜன்னலுக்கு ஓகே.

ரிங் வச்சது, அதாவது துணில ஓட்டை போட்டு வட்ட ரிங் மாட்டி அதுக்குள்ள கம்பியை விடுறது, இதுக்கு நேர் எதிர். ஒரு விரலால தள்ளினா போதும் சர்ருனு ஓடிடும். துணியும் கம்பி நீளத்துக்கு ஒன்றரை மடங்குல இருந்து ரெண்டு மடங்கு போதும். மேல நாலு இன்ச்சுக்கு பக்ரம் (விறைப்பா நிக்க உள்ள வைக்கிற கெட்டித் துணி) வச்சு ரெட்டையா மடிச்சு, ரிங்கை வச்சு வட்டம் வரைஞ்சு, வெட்டி, ரிங்கோட ரெண்டு பாதியையும் சேர்த்து அமுக்கினா டக்குனு மாட்டிக்கும். எண்ணிக்கை மட்டும் கண்டிப்பா இரட்டைப்படையா இருக்கணும், அப்பதான் ரெண்டு ஓரமும் சுவர் பக்கம் திரும்பி நிக்கும், 48 இன்ச் பீஸுக்கு 8 ரிங், ஆறு இன்ச்சுக்கு ஒண்ணு, ரெண்டு ஓரத்துலயும் மூணு மூணு இன்ச், கணக்கு சரியா வந்துடும். ஆனா பெட்ரூமுக்கு எனக்கு இது மனசுக்கு ஒப்பல, துணி கம்பிக்கு முன்னாடியும் பின்னாடியும் நெளிஞ்சு போறதால மேல ஒவ்வொரு நெளிவுலயும் வெளிச்சம் கசியும், எவ்ளோ கனமான துணி போட்டாலும் அந்த கோடு கோடா வர்ற வெயிலை நிறுத்த முடியாது. ஹாலுக்கு அழகு.

நான் சொல்றது மடிப்பு டேப்தான், அதாவது உள்ள கயிறு ஓடுற ஒரு பட்டை, கர்ட்டன் மேல் ஓரத்துல பின்பக்கமா தைச்சு கயிறை இழுத்தா மடிப்பு விழும், அதுல ஹூக் மாட்டித் தொங்கவிடுறது. வேலை கூட, துணியும் ரெண்டரை மடங்கு வரை கேக்கும், மறுக்கல. டேப்போட ரெண்டு ஓரத்தையும் ஒரே திசையில தைக்கணும், ஒண்ணை இடமிருந்து வலமும் இன்னொண்ணை வலமிருந்து இடமும் தைச்சா துணி முறுக்கிக்கிட்டு குறுக்குல இழுத்த மாதிரி நிக்கும். ஒரு முனைல கயிறுகளை முடிச்சு போட்டு தையலுக்குள்ள அடக்கிட்டு மறு முனைல இருந்து மெதுவா இழுங்க, நாலு விரலுக்கு நாலு விரல் நகர்த்தி விட்டுட்டே வந்தா மடிப்பு ஒண்ணு மேல ஒண்ணா எழும்பி வரும், அந்த நிமிஷம் சாதா துணி கர்ட்டனா மாறுறதைக் கண்ணால பாக்கலாம், எனக்கு அவ்ளோ பிடிக்கும். மிச்ச கயிறை வெட்டவே கூடாது, சுருட்டி வைங்க, துவைக்கும்போது அவுத்துவிட்டா துணி தட்டையா ஆகிடும், அயர்ன் பண்ணவும் சுலபம். ஹூக்ல தொங்குறதால இழுக்கவும் லேசு, டேப்பை மேல் ஓரத்துல இருந்து ஒரு இன்ச் இறக்கித் தைச்சா கம்பியும் ஓரளவு மறைஞ்சிடும்.

இப்ப அலங்காரம். லேஸ்னா காட்டன் லேஸை துணியோட சேத்து முன்னாடியே நனைச்சு காய வச்சிடுங்க, காட்டன் துணி 5 சதவீதம் சுருங்கினாலே 84 இன்ச் நீளத்துல நாலு இன்ச் போச்சு, துணி சுருங்கி நைலான் லேஸ் சுருங்காம நின்னா ஓரம் பூரா நெளியும். தைக்கும்போது லேஸை இழுக்காம மெஷின் போற போக்குல விடணும். உருண்டை குஞ்சம் வச்ச டேப் மெல்லிசு துணிக்கு கனம், கீழ வச்சா தூசியை பெருக்கிட்டே இருக்கும். பைப்பிங் (ஓரத்துல மெல்லிசா வச்சு தைக்கிற பட்டை) சுத்தமா இருக்கும், அதுக்கு கிராஸ் பீஸ்தான், அதாவது துணியை மூலைவாக்குல சாய்ச்சுதான் வெட்டணும்னு நிறைய பேர் துணியை வீணாக்குறாங்க, வளைவுக்குத்தான் கிராஸ் தேவை, கர்ட்டன் ஓரம் நேர்க்கோடு, நேர் இழைல வெட்டின பட்டையே போதும்.

என் ஓட்டு வேற கலர்ல மூணு இன்ச் பட்டைக்கு, அதுவும் கீழ இல்ல, ரெண்டு பீஸும் நடுவுல சந்திக்கிற ஓரத்துக்கு. மூடினா நடுவுல ஒரு தூண் மாதிரி நிக்கும், திறந்தா ஜன்னலுக்கு ஃபிரேம் போட்ட மாதிரி இருக்கும், மடிப்புக்குள்ள ஒளிஞ்சும் போகாது. பட்டைத் துணி மெயின் துணி கனத்துலயே இருக்கணும், அதையும் நனைச்சிடணும்.

கீழ் ஓரத்தை மட்டும் உடனே மடிச்சு அடிக்காதீங்க. பின் குத்தி ரெண்டு நாள் தொங்கவிடுங்க, துணி தன் கனத்துல கொஞ்சம் இறங்கும், அதுக்கப்புறம் தரையில இருந்து அளந்து கோடு போட்டு நாலு இன்ச் ரெட்டை மடிப்பா, அதாவது எட்டு இன்ச் துணி, மடிச்சு தைங்க, கீழ லேஸ் வைக்கிறவங்களும் இதுக்கப்புறம் வச்சா போதும்.