கறளுக்கு வினாகிரியா, கரண்டா?

வன்னியில் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார் எஞ்சின்கள் சில வளவுகளில் இன்னும் கிடக்கின்றன. கழற்றியாச்சு, சரி, கறளை எப்படி எடுப்பது?

நட்டு, போல்ட்டுக்கு வினாகிரி போதும். ஓரிரவு ஊறவிட்டு, தேய்த்து, அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் எண்ணெய் பூசுங்கள். நாட்கணக்கில் மறந்துவிட்டால் இரும்பையே தின்னும்.

புளொக்குக்கு, அதாவது எஞ்சினின் பெரிய இரும்பு உடலுக்கு, நான் கரண்டைத்தான் சொல்வேன். பிளாஸ்டிக் பரல், சலவைச்சோடாத் தண்ணீர், பற்றறி சாஜர். புளொக்கையும் ஒரு பழைய இரும்புத் தகட்டையும் அந்தத் தண்ணீரில் இறக்கி, மைனஸ் வயரைப் புளொக்கிலும் பிளஸ் வயரைத் தகட்டிலும் கொழுவுங்கள். மாறிக் கொழுவினால் புளொக்கே கரையும்! எவர்சில்வர் தகடு கூடாது, தண்ணீர் நஞ்சாகும். குமிழியாக வருவது ஐதரசன்; மாமரத்தடியில் வையுங்கள், கிட்ட நின்று சுருட்டுப் பற்ற வேண்டாம். அலுமினியப் பிஸ்டனை இதற்குள் போடவே கூடாது, சோடா அரித்துவிடும்.