சேலம் சூனிய வழக்குத் தாள்களோடு நான்கு வருடம்

சேலம் என்றதும் மாம்பழ ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். இது அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலம். 1692-இல் அது ஆங்கிலேயக் காலனி. சூனியம் வைத்தார்கள் என்று அந்த ஒரே வருடத்தில் 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். விசாரணைக்கு உட்பட மறுத்த கைல்ஸ் கோரி என்ற முதியவரைப் பாரக்கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள்.

அந்த வழக்குத் தாள்களை வர்ஜீனியா பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நான்கு வருடமாக ராத்திரி வேலை முடிந்ததும் அதைத்தான் திறக்கிறேன்.

ஆரம்பத்தில் திணறியது தேதியில்தான். பல தாள்களில் 1691/2 என்று இருக்கும். எந்த வருடம் என்று புரியாமல் என் குறிப்பேட்டில் பாதியைத் தப்பாக எழுதி வைத்திருந்தேன். அன்றைய ஆங்கிலேயர்களுக்கு மார்ச் 25-இல்தான் வருடம் பிறக்கும். அதற்கு முந்தைய நாட்களுக்கு இரண்டு வருடத்தையும் சேர்த்து எழுதினார்கள். இது தெரிந்த பிறகு எல்லாம் வரிசைக்கு வந்தது.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. தீர்ப்பு சொன்ன சிறப்பு நீதிமன்றத்தின் பதிவேடு தொலைந்துவிட்டது. நம்மிடம் இருப்பவை பிடியாணை, முதல் விசாரணைக் குறிப்பு, சாட்சி வாக்குமூலம், குற்றச்சாட்டு, மனு இவைதான்.

தாள்கள் ஆள்வாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒருவரின் கதையைத் தேட அது வசதி. ஆனால் பழி எப்படி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவியது என்று பார்க்க, தேதிவாரியாக நாமே ஒரு பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டும். நான் போட்டேன். ஒரு வருடம் பிடித்தது. சாரா குட் குடும்பத்தை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன்.

மார்ச் 1 அன்று சாராவை விசாரிக்கிறார்கள். கணவர் வில்லியமே, இவள் சூனியக்காரி, இல்லையென்றால் சீக்கிரமே ஆகிவிடுவாள் என்று பயப்படுவதாகச் சொல்கிறார். மார்ச் 23-இல் அவர்களுடைய மகளுக்குப் பிடியாணை. வயது நாலோ ஐந்தோ. பெயர் டோரத்தி; பிடியாணையில் டார்க்கஸ் என்று தப்பாக இருக்கிறது. இப்படிப்பட்ட தப்பு மூலத்தாளிலேயே இருக்கிறதா, தட்டச்சு செய்யும்போது வந்ததா என்று தெரிய, தட்டச்சுப் படியோடு நிறுத்தாமல், இருக்கும் இடத்திலெல்லாம் கையெழுத்துப் படத்தையும் திறந்து பார்க்கச் சொல்வேன். ஜூலை 19-இல் சாரா தூக்கிலிடப்பட்டார். அதற்கு முன்பே அவருடைய கைக்குழந்தை சிறையில் இறந்துவிட்டது.

அப்புறம் 1710-இல் வில்லியம் எழுதிய மனு. மகள் ஏழெட்டு மாதம் சிறையில் கிடந்தாள், சங்கிலியில் கட்டி வைத்தார்கள், அன்றிலிருந்து அவளுக்குப் புத்தி நிலையில்லை, செலவு தாங்க முடியவில்லை என்கிறார். இழப்பீடாக 30 பவுண்டு கொடுத்தார்கள். மார்ச் 1 குறிப்பையும் இந்த மனுவையும் பக்கத்துப் பக்கத்து ஜன்னல்களில் திறந்து வைத்து எத்தனையோ ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன். மனைவியைப் பற்றி அன்று தான் சொன்னதை வில்லியம் இதில் எங்கும் குறிப்பிடவில்லை.