சாவி தொலைந்த மாரிஸ் மைனர்: பூட்டை மாற்றும் முன் சாவியைச் செய்யுங்கள்

பழைய காரின் சாவி தொலைந்துவிட்டால் எல்லோரும் முதலில் சொல்வது, பூட்டை உடைத்து எறிந்துவிட்டுப் புதிது போடு என்பதுதான். எங்கள் பழைய பிரிட்டிஷ் காரான மாரிஸ் மைனர் 1000-இல் இந்த வேலையை முடித்துச் சில கோடைகள் ஓட்டியும் பார்த்துவிட்டேன். அந்த யோசனையை இப்போதும் நான் ஏற்கவில்லை. பூட்டை மாற்றுவதாகவே இருந்தாலும், முதலில் தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி செய்துகொள்ள வேண்டும்.

வண்டி ஐயா மலேயாவில் ஓட்டி, ஊருக்குக் கொண்டுவந்தது. 948 சிசி இன்ஜின். பள்ளத்தூர் வீட்டில் கார் செட்டில் நின்றது. பங்காளிகளுக்குள் சாவிக்கொத்துகள் பிரிந்தபோது இதன் சாவி எந்தக் கொத்தோடு போனது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டாங்கட்டு அறைச் சாவியெல்லாம் பத்திரமாக இருக்கிறது. கார் சாவி மட்டும் இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தொங்கும் சாவிகளில் ஒன்று பொருந்திவிடும் என்று சித்தப்பா நம்பினார். திண்டுக்கல்லுக்குப் போ என்றார் இன்னொருவர். திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அது நெம்பு வைத்த கனத்த பூட்டு. கார் பூட்டுக்குள் இருப்பது சிறு உருளையும் அதில் வரிசையாக நிற்கும் மெல்லிய பித்தளைத் தகடுகளும்.

இந்த வண்டியில் ஸ்டீயரிங் பூட்டு கிடையாது. ஸ்டார்ட்டரும் சாவியோடு சேர்ந்ததல்ல. தனியாக ஒரு குமிழை இழுக்க வேண்டும். சாவி இல்லாமல் இழுத்தாலும் இன்ஜின் சுற்றும், தீப்பொறிதான் வராது. செக்காலை சாலைப் பக்கத்து மெக்கானிக் இதைக் காட்டி, "பின்னால் இரண்டு கம்பியைச் சேர்த்துவிட்டால் ஓடிவிடும் தம்பி, பூட்டு எதற்கு?" என்றார். "வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிட்டேன். இன்ஜின் நின்ற பிறகும் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் சூடேறும், அந்த மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட் கருகும். செட்டுக்குள் விளையாடும் பிள்ளைகளை நினைத்தாலும் அது சரிப்படாது.

பூட்டின் முகத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்ததும் எஃப்எஸ் என்ற எழுத்தும் மூன்றிலக்க எண்ணும் தெரிந்தன. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த வரிசை அது. 876 முதல் 955 வரை, மொத்தம் 80 வகைதான். எண்ணைச் சொன்னால் சாவி வெட்டித் தரும் வியாபாரிகள் இங்கிலாந்தில் இன்றும் இருக்கிறார்கள். ஆர்சி புத்தக நகலையும் பூட்டின் படத்தையும் அனுப்பினேன். சாவி தபாலில் வந்தது. இங்கே மெழுகுப் பதிவு எடுத்துச் செய்திருந்தாலும் ஒருவேளை திறந்திருக்கும். எண் இருக்கும்போது அந்தச் சோதனை எதற்கு?

புதுச் சாவி திரும்பியது. இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் எஸ்யூ மின்பம்பு டிக் டிக்கென்று அடித்தது, நின்றது, மீண்டும் அடித்தது. சிவப்பு விளக்கும் மினுக்கியது. சாவியை லேசாக அசைத்தால் எல்லாம் அணைந்தன. பூட்டு நன்றாகத்தான் இருந்தது. பின்னாலிருந்த சுவிட்சின் தொடுமுனைகள்தான் தேய்ந்துபோயிருந்தன. ஆக, சுவிட்சை மாற்றியே தீர வேண்டும்.

சாவியை முதலில் செய்ததன் பலன் இங்கேதான் கிடைத்தது. உருளையைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சிறிய ஸ்பிரிங் முளை. சாவியைக் கொஞ்சம் திருப்பிவைத்து, சுவிட்சின் உடம்பிலுள்ள சிறு துளை வழியாக மெல்லிய கம்பியால் முளையை அழுத்தினால் உருளை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். சாவி இல்லையென்றால் துளைபோட்டு உடைப்பது தவிர வழியில்லை. புதிதாக வாங்கிய சுவிட்சில் அதன் உருளையைக் கழற்றிவிட்டு எங்கள் பழையதைச் செருகினோம். பொருந்தியது.

பாட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே இதில் கைவைக்க வேண்டும். பழுப்புக் கம்பியில் எப்போதும் மின்சாரம் இருக்கும். வெள்ளைக் கம்பி காயிலுக்குப் போவது. இந்த வண்டியில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்தது, எனவே முதலில் அதைத்தான் கழற்ற வேண்டும். புது வண்டிகளையே பார்த்த எலக்ட்ரீஷியனிடம் இதை இரண்டு முறை சொல்வது நல்லது.

இப்போது எப்படி இருக்கிறது? பழைய உருளையில் குறையே இல்லை. சித்திரை வெயிலில் நின்றாலும் சாவி இறுகுவதில்லை. எண்ணெய் விடுவதில்லை, விட்டால் செம்மண் தூசி உள்ளே பசையாகிவிடும். பென்சில் கரித்தூள் போதும். கழற்றி வைத்த புது உருளையின் சாவியோ உள்ளே லொடலொடவென்று ஆடுகிறது, அதை எந்த வண்டிக்கும் போடமாட்டேன். புது சுவிட்சின் முகப்பு வளையம் மட்டும் மண் சாலையில் அதிர்ந்து தளர்கிறது, அவ்வப்போது முடுக்குகிறேன். 80 வகைச் சாவியில் பெரிய பாதுகாப்பு இருக்காது என்பதால் பாட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் போட்டாயிற்று. மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அதுவே பூட்டைவிட உபயோகம்.