ஸ்வெட்டருக்கு உள்ளே என்ன போடுவது: போட்டுப் பார்த்ததில் எது தேறியது

ஸ்வெட்டர் வாங்கும்போது நிறம், கழுத்து, கையின் நீளம் எல்லாவற்றையும் பத்து தடவை பார்ப்போம். உள்ளே போடுவதற்கு மட்டும் கைக்கு அகப்பட்ட பனியனை எடுத்து மாட்டிக்கொள்வோம். ஆனால் ஆசையாக வாங்கிய ஸ்வெட்டர் அலமாரி மூலையில் கிடப்பதற்குப் பெரும்பாலும் அந்த உள்துணிதான் காரணம். குத்துகிறது, வியர்த்து நசநசக்கிறது, தோளில் பட்டை தெரிகிறது, கழற்றும்போது முடியெல்லாம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, இதில் எதற்கும் ஸ்வெட்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பருத்தி, மோடல் (மரக்கூழ் இழைத் துணி), மெரினோ (மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி), பட்டு, தெர்மல் (குளிருக்குப் போடும் சூட்டு உள்துணி) என்று கிட்டத்தட்ட எல்லா வகையும் உள்ளே போட்டுப் பழகியிருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெல்லிய முழுக்கை மெரினோ ஒன்று, கையில்லாத மோடல் ஒன்றிரண்டு, இவை இருந்தால் போதும். தடித்த தெர்மலை ஸ்வெட்டருக்கு அடியில் போடவே வேண்டாம்.

முதலில் இந்தக் குத்தலைப் பார்ப்போம், ஏனென்றால் அதிகம் பேர் ஸ்வெட்டரை ஒதுக்குவது இதனால்தான். எனக்குக் கம்பளி ஒத்துக்கொள்ளாது, அலர்ஜி என்பார்கள். பெரும்பாலும் அது அலர்ஜி இல்லை, இழையின் தடிமன் செய்கிற வேலை. சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழையின் முனை தோலில் பட்டால் வளையாமல் விறைத்து நின்று குத்தும், மெல்லிய இழை வளைந்து கொடுத்துவிடும். துணியில் இப்படித் தடித்த இழைகள் நூற்றுக்கு ஐந்து இருந்தாலே பலருக்கு அரிப்பு தொடங்கிவிடும். கஷ்மீர் (ஒரு வகை வெள்ளாட்டின் மென்மையான உள்ரோமம்) இழை பொதுவாக 19 மைக்ரானுக்குள் இருக்கும், நல்ல மெரினோவும் அதை ஒட்டியே வரும், அதனால்தான் இரண்டும் மென்மை என்று பெயர் வாங்கியிருக்கின்றன. முரட்டுக் கம்பளி 30-ஐ எளிதாகத் தாண்டும். வாங்கும்போது உள்ளங்கையால் தடவிப் பார்த்து மெத்தென்று இருக்கிறதே என்று முடிவு கட்ட வேண்டாம், உள்ளங்கைத் தோலுக்குத் தடிப்பு அதிகம், அதற்கு ஒன்றும் உறைக்காது. முழங்கையின் உட்பக்கத்திலோ கழுத்தின் பக்கவாட்டிலோ வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பாருங்கள். அங்கே தெரிந்துவிடும்.

இது தெரிந்தால் உள்ளே என்ன வேண்டும் என்பதும் தெளிவாகும். கம்பளி அதிகம் உறுத்துகிற இடங்கள் கழுத்து, அக்குள், முழங்கை மடிப்பு, மணிக்கட்டு. மெல்லிய பட்டை வைத்த காமிசோல் என்கிற கையில்லாத உள்சட்டை இதில் ஒன்றைக்கூட மறைக்காது. வயிற்றையும் நெஞ்சையும் மூடிவிட்டு, குத்துகிற இடத்தை எல்லாம் திறந்து விட்டுவிடும். பிறகு உள்ளே போட்டும் குத்துகிறதே என்று அலுத்துக்கொள்வதில் என்ன நியாயம்? முரட்டுக் கம்பளிக்கு முழுக்கைதான், வேறு வழி கிடையாது. மென்மையான மெரினோ, கஷ்மீர், பருத்தி நூல் ஸ்வெட்டர் என்றால் கையில்லாததோ குட்டைக் கையோ போதும். அதுவும் அக்குளை மூடுகிற வெட்டாக இருக்கட்டும், அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

பருத்தியை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறார்கள். கெட்ட துணி இல்லை, ஆனால் இடம் பார்த்துப் போட வேண்டியது. நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலைக்குச் சரி. வேகமாக நடந்து, மாடி ஏறி, வியர்த்து, அப்புறம் குளிரில் நின்றால் அங்கேதான் பருத்தி கழுத்தறுக்கும். உறிஞ்சிய வியர்வையைச் சீக்கிரம் விடாது, ஈரமானதும் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், துணிக்குள் நின்றிருந்த காற்றின் இடத்தில் தண்ணீர் வந்துவிடுவதால் மேலே எவ்வளவு நல்ல ஸ்வெட்டர் இருந்தாலும் முதுகு சில்லிடும். இன்னொரு தொல்லை, முழுக்கைப் பருத்தி பனியனின் மேற்பரப்பு கம்பளியைப் பிடித்து இழுக்கும். ஸ்வெட்டரை மாட்டும்போது உள்கை சுருண்டு முழங்கைக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு ஸ்வெட்டர் கைக்குள் விரலை விட்டுத் துழாவி அதை இழுக்க வேண்டும். கையில்லாத பருத்திக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதனால் பருத்தி என்றால் கையில்லாமல், மெல்லியதாக, குளிர் குறைவான நாளுக்கு.

மோடல் எனக்கு மிகவும் பிடித்த துணி, அதை மறைக்கப் போவதில்லை. பீச் (beech) என்ற மரத்தின் கூழிலிருந்து செய்கிற இழை அது. பருத்தியைவிட வழவழப்பாக இருக்கும், ஈரமும் கூடுதலாக உறிஞ்சும், பல தடவை துவைத்தாலும் மொறமொறப்பு ஏறாது. ஸ்வெட்டர் அதன் மேல் வழுக்கிக்கொண்டு இறங்கும், எங்கும் பிடிக்காது, மடிப்பு விழாது. கொஞ்சம் எலாஸ்டேன் (இழுத்தால் நீண்டு திரும்பச் சுருங்கும் இழை) கலந்த மோடல் காமிசோல் உடம்போடு அமைதியாக இருக்கும், அதைப் போட்டிருப்பதே மறந்துவிடும். குறை இல்லாமல் இல்லை. சூடு தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அதன் வேலை அது இல்லை. எலாஸ்டேன் இல்லாத சுத்த மோடல் சில மாதங்களில் தொங்கிப்போகும், கழுத்து விளிம்பு அலை அலையாக விரியும். ஆகவே லேபிளைப் படித்து, ஐந்து முதல் பத்து சதவீதம் எலாஸ்டேன் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சூடான அறைக்குள் மணிக்கணக்கில் இருக்க வேண்டிய நாளுக்கு இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை.

அப்புறம் மெரினோ. கம்பளிக்கு உள்ளே இன்னொரு கம்பளியா என்று தோன்றும், போட்டுப் பார்த்தால் தோன்றாது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாகவே உள்ளிழுத்துக்கொள்ளும், தொட்டால் நனைந்த உணர்வு வராது. அந்த ஈரத்தை இழுக்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். சூடான இடத்திலிருந்து சட்டென்று குளிரில் இறங்கினாலும் முதுகு சில்லிடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நாற்றம் சீக்கிரம் பிடிக்காது என்பது எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், பயணத்தில் ஒரு மெரினோவை நாலு நாள் போட்டு, இரவில் காற்றாடத் தொங்கவிட்டுச் சமாளிக்கலாம். எடையைக் கவனியுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 150 கிராம், 200 கிராம், 250 கிராம் என்றெல்லாம் வரும், ஸ்வெட்டருக்கு உள்ளே 150 போதும். 250 என்பது அதுவே தனியாக ஒரு மெல்லிய ஸ்வெட்டர் மாதிரி, அதற்கு மேல் இன்னொன்றைப் போட்டால் கையை மடக்கவே பிடிக்காது. மைக்ரான் எண் போட்டிருந்தால் 18.5 அல்லது அதற்குக் கீழே எடுங்கள், தோலில் நேரடியாகப் படுகிற துணி இது. விலை அதிகம்தான், அதோடு மெல்லிய மெரினோவில் ஓட்டை விழும், அதையும் சொல்லத்தான் வேண்டும். பை உரசுகிற இடுப்புப் பக்கத்திலும், ஜீன்ஸ் பட்டன் படுகிற இடத்திலும் குட்டி குட்டியாக வரும். புரதக் கறையை நீக்கும் என்சைம் கலந்த சோப்புத்தூளில் இதைத் துவைக்கவே கூடாது, கம்பளியும் புரதம், அந்த என்சைம் இதையும் அரிக்கும். பட்டுக்கும் அதே கதைதான்.

சூடு தரும் மெல்லிய செயற்கை உள்துணி என்றால் பலருக்கும் ஜப்பானிய ஆடை நிறுவனமான யூனிக்லோவின் ஹீட்டெக்தான் நினைவுக்கு வரும், 2003-இல் வந்தது, ஜப்பானின் டோரே நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. உடம்பிலிருந்து வரும் நீராவியை ரேயான் உறிஞ்சி வெப்பமாக்குகிறது, மெல்லிய ஆக்ரிலிக் இழைகளுக்கு நடுவே காற்று நிற்கிறது, அதுதான் சூத்திரம். மெரினோவை விட மெல்லியதாக, மலிவாக, சீக்கிரம் காய்வதாக இந்த வகை இருப்பது உண்மை. வெளியே அதிக நேரம் நிற்பவர்களுக்குத் தாராளமாகச் சொல்லலாம். உள்ளே ஹீட்டர் ஓடுகிற இடத்தில் முழு நாளும் இருப்பவர்களுக்கு, இந்த வகையில் எதை எடுத்தாலும் மிக மெல்லிய அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரையாவது கழற்றலாம், உள்ளே போட்டதைக் கழற்ற முடியாது.

உள்பக்கம் பஞ்சு மாதிரி உரோமம் எழுப்பிய தடித்த பாலியஸ்டர் தெர்மல் இருக்கிறதே, அதைத்தான் ஆரம்பத்திலேயே வேண்டாம் என்றேன். பாலியஸ்டர் இழை ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சவே உறிஞ்சாது, ஆனால் உடம்பின் எண்ணெயை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் துவைத்த பிறகும் அக்குள் பகுதியில் ஒரு மக்கல் வாடை நிற்கும். தவிர ஸ்வெட்டர் சூடு தருவதே அதன் நூல்களுக்கு இடையில் நிற்கிற காற்றால்தான். அளவான ஸ்வெட்டருக்குள் தடித்த துணியைத் திணித்தால் பின்னல் இழுபட்டு அந்த இடைவெளிகள் விரிந்து காற்று உள்ளே புகும், தோளும் புஜமும் உப்பித் தெரியும். பனியில் வேலை செய்பவர்கள் பெரிய ஜாக்கெட்டுக்குள் போடட்டும், அங்கே அதற்கு மதிப்பு உண்டு.

நிலைமின்சாரம் பற்றிச் சுருக்கமாக. கம்பளியும் நைலானும் உரசும்போது எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கிற பக்கம், பாலியஸ்டரும் ஆக்ரிலிக்கும் வாங்கிக்கொள்கிற பக்கம். எதிரெதிர்ப் பக்கத்துத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டால், காற்று வறண்டிருக்கிற நாளில் படபடவென்று பொறி பறக்கும். ஆக்ரிலிக் ஸ்வெட்டருக்கு அடியில் நைலான் ஸ்லிப், கம்பளி ஸ்வெட்டருக்கு அடியில் பாலியஸ்டர், இந்த இரண்டு ஜோடியையும் தவிர்த்தாலே தொல்லை பெருமளவு குறையும். பருத்தி நடுவில் நிற்கிற துணி, எதனோடும் ஒத்துப்போகும். மோடலும் ஈரம் பிடிப்பதால் அதிகம் தொல்லை தராது.

பட்டு அழகானதுதான். கஷ்மீருக்கு அடியில் பின்னல் பட்டு போட்ட சுகத்தை வேறு எதுவும் தராது என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் பின்னல் பட்டாக இருக்க வேண்டும், நெய்த பட்டு நீளாது, கையைத் தூக்கினால் அக்குள் தையலில் இழுக்கும். வியர்வை பட்டு இழையைப் பலவீனமாக்கும் என்பதால் தினப்படிக்கு இது ஆகாது.

துணி சரியாக அமைந்தும் தோற்றத்தில் கோட்டை விடுவது நடக்கும். மெல்லிய பின்னல் ஸ்வெட்டர் உள்ளே இருப்பதை எல்லாம் காட்டிக்கொடுக்கும். காமிசோல் பட்டையில் நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம் இருக்கும் பாருங்கள், அது தோளுக்கு மேலே வந்து நின்றால் ஸ்வெட்டருக்கு வெளியே பட்டாணி அளவு மேடு தெரியும், ஆகவே வளையம் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரியோ வளையமே இல்லாத அகலப் பட்டையோ எடுங்கள். லேஸ் வைத்த பிரா தடித்த பின்னலுக்குச் சரி, மெல்லியதற்குத் தையல் இல்லாத வழவழப்பான கப். உள்ளே பிரா போலவே எலாஸ்டிக் தைத்த காமிசோலை ஏற்கெனவே பிரா போட்டதற்கு மேல் போட வேண்டாம், மார்புக்குக் கீழே இரண்டு கோடு விழும், இறுக்கமும் இரட்டிப்பு.

வெள்ளை ஸ்வெட்டருக்குள் வெள்ளை போட்டால் தெரியாது என்பது தப்பு, வெள்ளைதான் பளிச்சென்று விளிம்போடு தெரியும். தெரியாமல் இருப்பது உங்கள் தோலின் நிறத்தை ஒட்டிய நிறம். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு: ‘ஸ்கின் கலர்’ என்று போட்டு விற்பதில் பெரும்பகுதி வெளிறிய சந்தன நிறம், மாநிறத்துக்கோ கறுப்புக்கோ அது துளிகூட ஒட்டாது. பெட்டியில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு உங்கள் புஜத்தின் உட்பக்கத்தோடு வைத்துப் பார்த்து வாங்குங்கள். அடர்ந்த பழுப்பு கிடைக்கவில்லை என்றால் மங்கிய செம்பழுப்பும் வேலை செய்யும்.

கழுத்து விஷயத்தில் ஒன்றே ஒன்று, உள்கழுத்து வெளிக்கழுத்தைவிட இரண்டு விரல் அளவு இறங்கி இருக்கட்டும், இல்லையென்றால் முழுசாகவே தெரியும்படி விடுங்கள். அரை அங்குலம் எட்டிப்பார்ப்பதுதான் அசிங்கம். காலர் சட்டை உள்ளே போடுவதென்றால் மெல்லிய பாப்லின், இடுப்புக்குள் செருகுகிற நீளம். கார்டிகன் என்றால் கணக்கே வேறு, பட்டனைத் திறந்தால் உள்ளே இருப்பதுதான் மேல்சட்டை, அதனால் தனியாகப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்கக் கூடியதாக எடுங்கள்.

அக்குளை மூடச் சொன்னதற்கு இப்போது வருகிறேன். ஸ்வெட்டரை அடிக்கடி துவைத்தால் சுருங்கும், உரு குலையும், துவைக்காமல் வைத்தால் வியர்வைக்கறை படிந்த கம்பளியைத் துணிப்பூச்சியின் புழு தேடி வந்து தின்னும். உள்துணி அக்குளில் படிந்து, வியர்வையையும் டியோடரன்ட்டையும் அதுவே வாங்கிக்கொண்டால் ஸ்வெட்டரைப் பல தடவை போட்ட பிறகு துவைத்தால் போதும். அலுமினியம் உப்பு கலந்த வியர்வைத் தடுப்பான் போடுபவர்கள் அது காய்ந்த பிறகே உடுத்துங்கள், அக்குளில் மஞ்சளாக விறைத்துப்போகிற கறைக்கு அந்த உப்பும் வியர்வையும் சேர்வதுதான் காரணம்.

வாங்கும்போது கடைசியாகப் பார்க்க வேண்டியது நீளமும் தையலும். இடுப்பெலும்புக்குக் கீழே நன்றாக இறங்குகிற நீளம் வேண்டும், இல்லாவிட்டால் உட்கார்ந்து எழுந்ததும் மேலே சுருண்டு ஸ்வெட்டருக்குள் ஒரு வளையமாகத் திரண்டு நிற்கும். பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள், தட்டையாக இருந்தால் நல்லது, கயிறு மாதிரி திரண்டிருந்தால் மாலைக்குள் விலாவில் தடம் விழும். இடுப்புப் பக்கம் தைத்திருக்கிற துவைப்புக் குறிப்பு லேபிளைக் கத்தரிக்கோலால் நறுக்காதீர்கள், மீந்த முனை முன்னைவிட மோசமாகக் குத்தும். தையலை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்து முழுசாக எடுத்துவிடுங்கள்.