குளக்கட்டுப் பெட்டியில் எம்பெட் டிஎல்எஸ்: ஓராண்டுப் பயன்பாட்டின் பின் ஒரு மதிப்பீடு

கிளிநொச்சி மாவட்டத்தின் சிறு குளமொன்றில், நீர்மட்டத்தை 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து கைத்தொலைபேசி வலையமைப்பின் வழியே அனுப்பும் பெட்டியொன்றைக் கடந்த காலபோகத்தின்போது கமக்காரர் அமைப்புக்காகப் பொருத்தினேன். அதனுள் ஈஎஸ்பி32 என்னும் சிறு கணினிச் சில்லும் மீயொலி உணரியும் சூரிய மின்தகடும் இருக்கின்றன. அது அனுப்பும் தரவைக் காப்பது, டிஎல்எஸ் என்னும் பாதுகாப்பான இணைப்பு நெறிமுறையைச் செயற்படுத்தும் எம்பெட் டிஎல்எஸ் என்னும் இலவச மறையாக்க மென்பொருள். போலார்எஸ்எஸ்எல் என வழங்கிவந்த இதை ஆர்ம் நிறுவனம் வாங்கிய பின், 2015 இல் இன்றைய பெயர் வந்தது. ஈஎஸ்பி32க்கான அதிகாரபூர்வ மென்பொருள் தொகுப்பிலேயே இது சேர்ந்து வருவதால் தனியாகத் தேடி நிறுவ வேண்டியதில்லை.

“தம்பி, குளத்தில எவ்வளவு தண்ணி நிக்குது எண்டது ஊருக்கே தெரியும், அதை ஏன் பூட்டி அனுப்பிறியள்?” என்று அமைப்பின் தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. இங்கே எண்ணை ஒளிப்பது முதன்மையான தேவை அன்று. வந்த எண் அந்தப் பெட்டியிலிருந்தே வந்ததா, வழியில் எவரும் மாற்றாமல் வந்ததா என்பதே தேவை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியதைக் கண்டவர்களுக்கு, துருசைத் திறப்பதா மூடுவதா என்ற முடிவு பொய்யான ஓர் எண்ணில் தங்கியிருப்பதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு முன் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய ஆயத்தப் பெட்டியை வலையமைப்பில் ஓடும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் கொண்டு சோதித்தபோது, அது உணரிகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் எம்கியூடிடி நெறிமுறையின் மறையாக்கமில்லாத 1883 ஆம் துறை வழியே, கடவுச்சொல் உட்பட அனைத்தையும் வெறும் எழுத்தாக அனுப்பிக்கொண்டிருந்தது. அதே விற்பனையாளரிடம் வாங்கிய இரண்டாவது பெட்டியிலும் அதே கடவுச்சொல்தான் இருந்தது. தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கமெராக்களையும் ரவுட்டர்களையும் மிராய் நச்சுநிரல் 2016 இல் கூட்டங்கூட்டமாகக் கைப்பற்றிய பிறகும் இப்படி விற்கிறார்கள் என்பது எனக்கு உண்மையான வேதனை.

எம்பெட் டிஎல்எஸ்ஸில் நான் முதலில் பாராட்டுவது அதன் சிக்கனம். 520 கிலோபைட் நினைவகமே உள்ள சில்லில் அது இயங்குகிறது. வேண்டாத பகுதிகளை ஒவ்வொன்றாக நீக்கவும் இடமளிக்கிறது. ஆனாலும் டிஎல்எஸ் பதிவொன்று (ஒரு தடவையில் வரும் தரவுத் துண்டு) 16 கிலோபைட் வரை வரலாம் என்பதால், வரும் தரவுக்கென்று அந்த அளவு இடம் ஒதுக்கப்படுகிறது. நினைவகம் துண்டு துண்டாகிப்போன வேளைகளில் இணைப்பு முறிந்து, நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்னும் 7எஃப்00 பிழை வந்தது. அனுப்பும் எண் சில பைட்டுகளே என்றாலும், ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் வழங்கியின் (தரவைப் பெறும் கணினியின்) அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ்களாகச் சில ஆயிரம் பைட்டுகள் வந்து சேர்கின்றன. சான்றிதழ்களை மீண்டும் பெறாமல் முந்தைய அமர்வைத் தொடரும் வசதியைப் பயன்படுத்திய பின்னரே தரவுச் செலவு குறைந்தது.

சான்றிதழ்ச் சரிபார்ப்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். சிறு சில்லுகளுக்கு நிரல் எழுத உதவும் ஆர்டுயினோ தளத்துக்கென இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்கள் பலவற்றில் செட்இன்செக்யூர் என்ற ஒற்றை வரி இருக்கும். அது இருந்தால் பெட்டி எந்தச் சான்றிதழையும் கேள்வியின்றி ஏற்கும். என் மடிகணினியில் நானே ஒரு போலி வழங்கியை அமைத்துச் சோதித்தபோது, அந்த வரியுடன் இருந்த பெட்டி தயங்காமல் அதனுடன் பேசி, கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டது. வரியை நீக்கி, எந்தச் சான்றிதழ்களை நம்பலாம் என்று காட்டும் மூலச் சான்றிதழைச் சேர்த்ததும், 2700 என்ற பிழையுடன் இணைப்பை மறுத்தது. மென்பொருள் தன்னளவில் சரியாகவே நடக்கிறது, அதைச் செயலிழக்கச் செய்வது நாம் படியெடுக்கும் நிரல்தான். ஒரு குறை மட்டும் மென்பொருளையே சாரும். வழங்கியின் பெயரை நிரலாளர் குறிப்பிட மறந்தால், நம்பகமான எவருடைய சான்றிதழும், வேறொரு தளத்துக்கு உரியதானாலும், ஏற்கப்பட்டுவந்தது. 3 ஆம் வரிசையில், 2025 இல் வந்த 3.6.3 பதிப்பில்தான் அது திருத்தப்பட்டது. அதற்கு முந்திய பதிப்பை வைத்திருப்பவர்கள் தங்கள் நிரலை இன்றே பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் மாரியில் தெரிந்தது. சான்றிதழின் காலாவதித் திகதியைச் சோதிக்கும் தெரிவு ஈஎஸ்பி32 தொகுப்பில் இயல்பாக அணைந்திருந்தது. அதை இயக்கிய பின், தொடர்மழையில் பட்டரி இறங்கி மீண்டும் எழுந்த பெட்டி, நேரம் அழிந்து தன் கடிகாரம் அதன் தொடக்கத் திகதியான 1970 ஜனவரி 1 ஐக் காட்டியதால், சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று கருதி இரண்டு நாள் மௌனமாக இருந்தது. குளம் வேகமாக நிரம்பிய நாட்கள் அவை. நாணயப் பட்டரியுடன் கூடிய டிஎஸ்3231 கடிகாரச் சில்லைச் சேர்த்த பின் அந்தத் தொல்லை வரவில்லை. இணையத்திலிருந்து நேரத்தைப் பெறுவதை மட்டும் நம்பியிருப்பதை நான் விரும்பவில்லை. சாதாரண நேரச் செய்திகளுக்கு, அவை வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் கையொப்பம் இல்லை.

குளக்கட்டில் தனியே நிற்கும் பெட்டியைக் கழற்றிச் செல்பவரிடமிருந்து அதன் மறைசாவியை எம்பெட் டிஎல்எஸ் காக்காது. அதற்குச் சில்லின் ஃபிளாஷ் மறையாக்கத்தை (சேமிப்பகத்தில் உள்ளதைப் பூட்டும் வசதியை) இயக்க வேண்டும். அது சில்லின் உருகிகளை (ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய பகுதிகளை) மீளமுடியாதபடி எரிக்கிறது. படிகளின் வரிசை தவறியதால் ஒரு போர்டை இழந்தேன். ஆகவே முதலில் உதிரிப் போர்டொன்றில் செய்துபாருங்கள். எம்பெட் டிஎல்எஸ்ஸின் ஆவணங்கள் ஆங்கிலத்திலேயே உள்ளன. பிழை இலக்கங்களின் பொருளைத் தேடுவது தொடக்கநிலை மாணவர்களுக்குக் கடினமாகவே இருக்கும்.

நீண்டகால ஆதரவு கொண்ட 3.6 வரிசைக்குக் குறைந்தது 2027 மார்ச் வரை திருத்தங்கள் வரும். ஆகவே வாங்குவதும் பொருத்துவதும் போல, கையொப்பமிட்ட மென்பொருளைத் தொலைவிலிருந்து புதுப்பிக்கும் வழியையும் முதல் நாளிலேயே அமைத்துவிடுங்கள். மாரியில் குளக்கட்டுக்கு மடிகணினியுடன் போவது எளிதன்று.